கூட்டி எழுதிய மூன்று வருஷம்

நீ ஆணா பெண்ணா என்று தெரியாததால் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. என் வயிற்றில் உனக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. உன்னைப் பற்றி இப்போதைக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். இதை நீ படிக்கும்போது உனக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். அப்படித்தான் உன் ஆச்சியிடம் சொல்லித் தகரப்பெட்டியில் வைக்கப்போகிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. என்னைவிடச் சின்ன வயதில் படித்தால் நீ பயந்துபோவாய். என் வயதுக்கு வந்து படித்தால், இதற்கா இவ்வளவு பயந்தாள் என்று சிரிக்கவாவது செய்வாய். நீ சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று திங்கள்கிழமை. நாளை மறுநாள், புதன்கிழமை, நர்ஸம்மா ஊருக்கு வருவார். பிரசவத்துக்கு முன்னால் அவர் என்னைப் பார்ப்பது இதுதான் கடைசித் தடவை. சனிக்கிழமை கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போன தடவை வந்தபோது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வயசுப் பிள்ளைன்னு எழுதியிருக்கு, ஒடம்பு அப்படி இல்லையேம்மா. இடுப்பு எலும்பு சின்னதா இருக்கு, ரத்தமும் கம்மி" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயது இருபத்திரண்டு என்று நர்ஸம்மாவின் அட்டையில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது, நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் பரோட்டா போடுகிற உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மூன்று வருஷம் பொய். இருபத்திரண்டு வயதுக்காரிக்கு என்று போடுகிற ஊசியை இந்த உடம்பு தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. நான் வராவிட்டால், உன்னிடம் இருக்கிற காகிதங்கள் எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லும். அவளை எனக்கே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதன்கிழமை நான் உண்மையைச் சொல்வேனா, மாட்டேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது.

இந்த மூன்று வருஷம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பதினோரு வயது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. உளுந்து போட்டவர்களுக்கு விதைகூடத் திரும்பவில்லை. கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்புக்குள் எங்கள் ஆடு ஒன்று காலை விட்டு ஒடித்துக்கொண்டது. புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு நாங்கள் இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சொந்தம் என்று யாரும் இங்கே இல்லை. ஏஜெண்ட் அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார். ஊர் ஊராகப் போய்த் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலைக்கு, பெண்பிள்ளைகளைச் சேர்த்து, தினமும் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவது அவர் வேலை. எங்கள் தெருவில் இருபது வீட்டு அடுப்பு அந்த பஸ்ஸால்தான் எரிந்தது. ஊருக்குத் தார் ரோடு வந்ததே அந்த பஸ்ஸுக்காகத்தான் என்று சொல்வார்கள். பதினாலு வயது ஆகாத பிள்ளையை ஆபீஸுக்குள் விடக்கூடாது என்று அப்போது கெடுபிடி வந்திருந்தது. அதனால் டவுனில் ஒரு டாக்டரிடம் வயசு சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

"பயப்படாதீங்க. டாக்டரு பல்லப் பாத்து வயசு எழுதிருவாரு" என்றார் அண்ணாச்சி.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லப் பாத்தா? அப்போ அவரும் நம்மள மாரி ஆட்டு யாவாரிதானா?"

ஆட்டுக்கு வயது பல்லில்தான் இருக்கிறது. பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்தால் ஒரு கணக்கு, நாலு பல் முளைத்தால் ஒரு கணக்கு. அப்பா தாடையைப் பிடித்து உதட்டை விலக்கிப் பார்த்தால் மாதம் தப்பாமல் சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்து, அன்றைக்கு அடுப்புக்கரியால் இரண்டு தடவை பல் தேய்த்துக்கொண்டு போனேன். நாங்கள் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்றோம். என் முறை வந்ததும் வாயை அகலமாகத் திறந்துகொண்டு நின்றேன். டாக்டர் நிமிரவே இல்லை. எழுதிக்கொண்டே, "வாய மூடு பாப்பா, ஈ போயிரும்" என்றார். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஐந்து பேருக்கும் பதினாலு வயது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்களில் ஒருத்திக்கு ஒன்பது.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, வாயத் தொற பாப்போம்." விரலை விட்டு உள்ளே பார்த்தார். "கடவாயில ரெண்டு பால்பல்லு இன்னும் கெடக்கு. பதினாலாம்லா!" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையைக் கழுவ வாசலுக்குப் போனார். கழுவிவிட்டு வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

பஸ்ஸில் போகும்போது அண்ணாச்சி எங்களுக்குப் பாடம் நடத்துவார். "வயசு என்ன?" என்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "பதினாலு" என்போம். "யாரு கேட்டாலும்?" என்பார். "பதினாலு" என்போம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி இருக்கும். எங்கள் ஊர் முகப்பில் குழந்தைத் தொழிலாளர் இல்லாத கிராமம் என்று பலகை எழுதி வைத்தார்கள். ஊரில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பதினாலு ஆகிவிட்டதால் அந்தப் பலகையைக் குறை சொல்லவும் முடியாது. ஆபீஸில் எனக்குக் கட்டை அடுக்குகிற வேலை. மரச் சட்டத்தில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சி வைத்து நிரப்பிக் கொடுத்தால், அதை அப்படியே மருந்தில் முக்குவார்கள். எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. விரல் நுனி தேய்ந்து வழவழப்பாகிவிடும். வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம், பஸ்ஸில் போகும்போது முறுக்கைக் கடித்தேன், அப்பா சொன்ன பால்பல்லில் ஒன்று கையோடு வந்துவிட்டது. அண்ணாச்சி பார்த்துவிட்டார். "ஏட்டி, பதினாலு வயசுல எவளுக்காவது பால்பல்லு விழுமா? வெளிய எறி, எறி!" என்றார். நான் எறியவில்லை. வாயில் ரத்தத்தோடு உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு தீப்பெட்டிக்குள் அதைப் போட்டுக்கொண்டேன். என் வயதுக்குச் சாட்சி இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்று எப்படியோ எனக்குத் தோன்றியிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அந்தத் தீப்பெட்டியும் இருக்கும். திறந்து பார்த்துவிட்டு மூடி வை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஒரு அம்மா என் முன்னால் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார், வயது என்ன என்று. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "பதினாலு." அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அதில் பதினேழு என்று இருந்தது. வருஷம் போகப் போகக் காகிதத்து வயதையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கணக்குப்பிள்ளை பின்னாலிருந்து, "கொஞ்சம் மந்தமான பிள்ளைம்மா, ஆனா கை மட்டும் வேகம்" என்று சிரித்துச் சமாளித்தார். அவர்கள் போனபிறகு அண்ணாச்சி எல்லோர் முன்னிலும் என்னைத் திட்டினார். "வாயே தொறக்க மாட்டா. தொறந்தா ஊரக் கெடுக்கதுக்குத்தான் தொறப்பா." நான் அழுதுகொண்டே கட்டை அடுக்கினேன். வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த வருஷம் எனக்கு நிஜமாகவே பதினாலு. மூன்று வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் தெரியாமல். அதற்குத்தான் திட்டு. அதிலிருந்து யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்வார்கள். பயம் என்பதுதான் சரி. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். உன்னிடம் அது வந்தால், கூச்சம் என்று பெயர் வைத்து வளர்க்காதே.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எழுதவே கை வரவில்லை.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும், காகிதத்தில் இருபத்தொன்று, கடம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் ஏஜெண்ட் அண்ணாச்சிதான். மாப்பிள்ளையின் அத்தை, அந்த ஊரில் பேர்போன போளி ஒரு பொட்டலத்தோடு வந்திருந்தார். கலகலப்பான மனுஷி. "மதினி, போளிய சூட்டோட தின்னுருங்க, ஆறினா எங்க ஊருக்குக் கெட்ட பேரு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, "இருபத்தொண்ணு. நல்ல வயசு" என்றார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சொம்பில் கொண்டு வந்து கொடுத்தாள். வீட்டில் இருந்ததிலேயே நல்ல பாத்திரம் அதுதான். அதில் அம்மா பெயர், அப்பா பெயர், கல்யாணத் தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்த அத்தைக்குப் படிக்கத் தெரியும். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மதினி, கல்யாணமாகிப் பத்தொம்பது வருசந்தான ஆகுது? பிள்ளைக்கு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கே?"

 வாசலில் ஆடு ஒன்று செருமியது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. 'நீ சொல்லேன்' என்று அதில் இருந்தது. அவள் சொல்ல முடியாது. எதிரில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வயதைக் கூட்டி எழுதியது வெளியே போனால், என் காகிதத்தோடு பஸ்ஸில் வருகிற அத்தனை பிள்ளைகளின் காகிதமும் போகும், இருபது வீட்டு அடுப்பும் அணையும். ஆனால் நான் சின்னப் பிள்ளை. வாய் தவறிச் சொல்லிவிட்டதாக இருந்திருக்கும். 'எனக்குப் பதினெட்டுதான் அத்தை' என்று ஒரு வார்த்தை. நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டு, "பேரு வெட்டுனவன் குடிகாரப்பய, வருசத்த மாத்தி வெட்டிட்டான்" என்றார். அந்த அத்தை சொம்பைத் தரையில் வைத்தார். கொண்டு வந்த பூவைக் கொடுக்காமலேயே போய்விட்டார்கள்.

மறுநாளே தெருவில் பேச்சு வந்துவிட்டது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால், "கொஞ்சம் தள்ளு, அவிய கல்யாணத்துக்கு முந்தியே பிள்ளை பெத்தவிய, அவியளுக்கு எல்லாமே முந்தித்தான்" என்பார்கள். எல்லோர் வீட்டிலும் அதே டாக்டரின் காகிதம் இருந்தது. எங்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒத்துக்கொண்டால் தங்கள் பிள்ளையின் காகிதத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட என் அம்மாவைப் பேசுவது லேசாக இருந்தது. நாங்கள் வந்தேறிகள் வேறு. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. காலையில் பஸ் ஏறினேன், கட்டை அடுக்கினேன், வந்தேன். ஒரு நாள் அம்மா சொம்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி பாத்திரக்கடைக்குப் போனாள். பெயர் வெட்டுகிறவரிடம், "கடைசி எழுத்து மூணுன்னு இருக்குல்லா, அதச் சுழியாக்கிக் குடுங்க" என்றாள்.

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "மூண எட்டாக்கலாம்மா. சுழியாக்கினா நடுவுல ஒரு முள்ளு நிக்கும்."

"நின்னா நிக்கட்டும்" என்றாள் அம்மா.

இப்படித்தான் என் அம்மா தன் கல்யாணத்தை மூன்று வருஷம் முன்னால் தள்ளி வைத்தாள். காகிதத்தில் நான் பிறந்ததற்கு முன்னால் அதைக் கொண்டு போவதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தச் சுத்தியல் டக் டக்கென்று விழுகிற ஒவ்வொரு தடவையும் என் தோள் குலுங்கியது. ஐந்து மாதம் கழித்து உன் அப்பாவின் வீட்டார் வந்தபோது, அம்மா அந்தச் சொம்பிலேயே தண்ணீர் கொடுத்தாள். யாரும் படிக்கவில்லை. இப்போது பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். நான் படுத்திருக்கிற இடத்துக்கு நேரே அடுக்கில் அந்தச் சொம்பு இருக்கிறது. சுழிக்கு நடுவில் அந்த முள் தெரிகிறது. வளைகாப்பு அன்று ஏஜெண்ட் அண்ணாச்சி வந்து வளையல் போட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளையாப் பெத்துக் குடுட்டி. பஸ்ஸுல ஒரு சீட்டு இப்பமே போட்டு வைக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, விளையாட்டுக்குத்தான் சொன்னார். நீ அப்போது உள்ளே ஒரு தடவை புரண்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. உனக்கும் ஒரு நாள் யாராவது ஒரு வயதை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

இன்று புதன்கிழமை. மத்தியானம். நர்ஸம்மா வந்து போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சத்துணவுக்கூடத்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தது. வயது என்ன என்று கேட்பார், 'பத்தொம்பது' என்று சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்து அவரே, "வயசு இருபத்திரண்டு, மொத பிரசவம், சரிதானம்மா?" என்றார். என் தலை ஆடிவிட்டது. எட்டு வருஷப் பழக்கம். அவர் அடுத்ததுக்குப் போய்விட்டார். எடை பார்த்தார், கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தார்.  "சரி, நீ போலாம், அடுத்து யாரு?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நீ உதைத்தாய், அதனால் பேசினேன் என்று எழுத ஆசைதான். நீ அசையாமல்தான் இருந்தாய்.

"பத்தொம்பது" என்றேன்.

"என்னது பத்தொம்பது? மாத்திரையா?"

"வயசு."

"சத்தமாச் சொல்லும்மா, காத்துதான் வருது."

"எனக்கு வயசு பத்தொம்பது நர்ஸம்மா. மூணு வருசம் கூட்டி எழுதிட்டாவ."

வராந்தா முழுவதும் கேட்டுவிட்டது. நர்ஸம்மா பேனாவை மூடினார். "ரேஷன் கார்டுல?" என்றார். "அதுலயும் கூட்டித்தான் இருக்கு" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ அவிய ஆத்தா சொம்புல வேற கணக்குல்லா இருக்கு" என்றாள். சிரிப்பு வந்தது. வரிசையின் கடைசியில் என் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "சொம்பு எஞ்சொம்பு. நாந்தான் மாத்தி வெட்டச் சொன்னேன். எம்மவ எனக்குக் கல்யாணமாகி மறுவருசம் பொறந்தவ. இங்கன இருக்கவிய எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நர்ஸம்மா, நீங்க நல்லா எழுதிக்கிடுங்க" என்றாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வீட்டுக் காகிதம் ஞாபகம் வந்திருக்கும்.

நர்ஸம்மா அட்டையைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். "பேனாவுல எழுதுனத நான் திருத்த முடியாது. கார்டுல உள்ளதுதான் எனக்கு. ஒடம்பப் பாத்துத்தாம்மா வைத்தியம் பாப்பாவ, பயப்படாத" என்றார். பிறகு பையில் தேடி ஒரு பென்சிலை எடுத்து, அட்டையின் பின்பக்கம் சின்னதாகப் பத்தொன்பது என்று எழுதினார். "ஆஸ்பத்திரியில டாக்டரம்மாகிட்ட இந்தப் பக்கத்தத் திருப்பிக் காட்டு. ஒன் பிள்ளைக்கு இந்தத் தொந்தரவு வராது. பொறந்த நாளு, நேரம் எல்லாம் ஆஸ்பத்திரியிலயே எழுதிருவாவ. பெறகு எவன் வந்தாலும் கைவைக்க முடியாது." பென்சில் எழுத்துத்தான். விரல் பட்டால் அழியும் என்று அட்டையை ஓரத்தில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. நேற்று, வியாழக்கிழமை காலையில் ஏஜெண்ட் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திண்டாடிப்போய் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "ஏட்டி, நீ வாயில்லாத பிள்ளைன்னு நெனச்சேன். ஆபீஸுக்கு இது எட்டுச்சுன்னா பஸ்ஸ வேற ஊருக்கு மாத்தி விட்ருவாவ. எனக்கும் இது ஒண்ணுதான் தெரியும். இருபது வீட்டுக்கும் நீ பதில் சொல்லுவியா?" என்றார். அவரும் பயந்திருக்கிறார் என்று நேற்றுத்தான் பார்த்தேன்.   மானாவாரி நிலத்தை நம்பி இருந்த தெருவுக்குக் கூலி கொண்டு வந்தது அந்த பஸ். என் பால்பல்லை எறியச் சொன்னதும் அந்த பஸ். இரண்டும் உண்மை. எது பெரிய உண்மை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் நல்லது. அப்பாதான் ஆட்டைப் பிடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, டாக்டரு பாக்காத பல்ல நான் அன்னைக்கே பாத்துட்டேன். பாத்தவன் சொல்லாம இருந்ததுதான் தப்பு. பதில நான் சொல்லுதேன், நீங்க போங்க" என்றார். பஸ் நேற்றுப் பத்து நிமிஷம் பிந்தி வந்தது. அந்தப் பத்து நிமிஷமும் தெருவே என் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்றும் வந்தது. நாளைக்கு வருமா என்று தெரியாது. ஹாரன் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

உன் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக நேற்று சாயங்காலம் கயத்தாற்றிலிருந்து வந்தார். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். மைதா மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏமாற்றிவிட்டாய் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "எனக்கும் பன்னெண்டு வயசுலதாம்ட்டி கடையில சேத்தாவ. கேட்டா பதினஞ்சுன்னு சொல்லச் சொன்னாவ. அப்படியே சொல்லிச் சொல்லி, இப்பம் எனக்கே எது நெசம்னு தெரியல" என்றார். பிறகு சிரித்தார். "ஒனக்கு மூணு, எனக்கு மூணு. ஆறு வருசம் சும்மா கெடக்கு. பிள்ளைக்கிக் குடுத்துருவோம், கொஞ்ச நாள் கூட வெளையாடட்டும்." நானும் சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அழுகை வராமல் சிரித்தேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி அதிகம் இல்லை. யாராவது உன் வயதைக் கேட்டால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் பார். ஆடு வாங்க வருகிறவனும் வயதைக் கேட்பான், நர்ஸம்மாவும் கேட்பார். பதில் தெரிந்திருந்தும் தலையை மட்டும் ஆட்டாதே. என் ஒரு தலையாட்டலுக்கு என் அம்மா ஒரு வருஷம் குழாயடியில் தலைகுனிந்து நின்றாள். என்னால் பஸ் நின்றுபோய், அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது உன்னிடம் அதைச் சொல்லிக் காட்டினால், சண்டைக்குப் போகாதே. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருந்து கேள்.

நாளைக் காலையில் புறப்பட வேண்டும். துணிமூட்டை கட்டியாகிவிட்டது. அம்மா இப்போதுதான் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரைக் கொண்டு வந்து மூட்டையின் மேல் வைத்தாள். உனக்குப் பால் புகட்டுவதற்கு. கோவில்பட்டியில் அதே பாத்திரக்கடையில் வாங்கியிருக்கிறாள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை.

"பேரு வெட்டலையாம்மா?"

"பிள்ளை பொறக்கட்டும், தேதியோட சேத்து வெட்டிக்கிடலாம்னு வச்சிருக்கேன். அதே ஆளுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், இந்தத் தடவ ஆழமா வெட்டணும்னு" என்றாள்.

எனக்குப் பயம் போகவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று இதை எழுதுவதற்குள் நான்கு தடவை பார்த்துவிட்டேன். இருக்கிறது. தம்ளர் வெறுமையாக, வழவழவென்று இருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நீ வா. தேதியை நீதான் சொல்ல வேண்டும்.